வீரனுக்குக் கேடயம் வந்த கதை

என் மாஸ்டர் சோமசுந்தரம் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய சீடர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் போன வாரம் திருவிடைமருதூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். வழுவழுப்பான தாளில் அச்சாகுமாம். அவர் வர்ணம் செய்த கோபுரங்களின் படமெல்லாம் வருமாம். "அவர்கிட்ட முதல்ல சேர்ந்தவங்கள்ல நீங்கதான் ஐயா இப்ப இருக்கீங்க. நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. அவரோட ஒழுங்கு, நேர்த்தி எல்லாம் இப்ப வர்ற பசங்களுக்குத் தெரியணும்" என்றார்கள். எழுதுகிறேன் என்றேன். காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது ஒருவர் மட்டும் திரும்பி, "நல்லதா எழுதுங்க ஐயா" என்றார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

நல்லதும் எழுதுகிறேன். அவரிடம் நல்லது நிறையவே இருந்தது. அதனால்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. உருப்படாத ஆளிடம் வேலை பார்த்திருந்தால் எப்போதோ மறந்துபோயிருப்பேன்.

என் பெயர் கலியபெருமாள். அப்பா லாரி பாடிகளுக்குப் பூவும் மயிலும் எழுதிப் பிழைத்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை, கை மட்டும் ஓடியது. கோயில் வர்ணம் செய்யும் சோமசுந்தரம் மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டார். முதலில் சுரண்டுவது, கழுவுவது, பிரைமர் அடிப்பது. பிறகு வேட்டி சேலை மடிப்புகள். பிறகு ஆயுதங்கள், நகைகள். முகத்தில் கை வைக்க அவர் விடுவதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். அதை நீட்டி முழக்க எனக்கு இஷ்டமில்லை.

நாங்கள் பெரிய கோயில்களுக்குப் போகிறவர்கள் அல்ல. மாரியம்மன், ஐயனார், பிடாரி, வீரன் என்று வயல்காட்டில் நிற்கும் ஊர்ச்சாமிகள்தான் எங்களுக்கு. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுதைச் சிலைகள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கும்பாபிஷேகம் வரும், பழைய வர்ணத்தின் மேல் புது வர்ணம் ஏறும். ராஜகோபுரம் உள்ள கோயில்களின் வேலையெல்லாம் வேறு ஆட்களுக்குப் போகும். மாஸ்டர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் பஸ்ஸில் போகும்போது தூரத்தில் ஒரு கோபுரம் தெரிந்தால், அது மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

ஆள் ஒல்லி. எப்போதும் வெள்ளை வேட்டிதான். காலையில் எப்படிக் கட்டினாரோ அப்படியே சாயங்காலமும் இருக்கும், ஒரு பொட்டு வர்ணம் பட்டிருக்காது. நாங்கள் எல்லாம் ஹோலி ஆடியவர்களைப் போல் நிற்போம். வேலையை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு சிலையாகப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே சுதை விட்டிருக்கிறது, முதலில் கொத்தனார் வர வேண்டும். யாரையும் திட்ட மாட்டார். பிடிக்கவில்லை என்றால் நாம் பூசியதைத் துணியால் துடைத்துவிட்டு, பிரஷ்ஷை நம் கையிலேயே திரும்பக் கொடுப்பார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

அவருடைய ஒழுங்கு என்று சீடர்கள் சொல்வது ஒன்றைத்தான். நானும் அதைக் கையெடுத்துக் கும்பிட்டவன்தான். சவர பிளேடில் பாதியை ஒடித்து மூங்கில் குச்சியைப் பிளந்து செருகி வைத்திருப்பார். எந்தச் சிலைக்கும் புது வர்ணம் வைக்குமுன் அதில் ஒரு மறைவான இடத்தைத் தேடுவார். காதுக்குப் பின்னால், இடுப்புக்குப் பின்பக்கம், பீடத்தின் ஓரம். அங்கே சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சாய்வாகச் சுரண்டுவார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒற்றித் துடைப்பார். வெங்காயத் தோல் மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பழைய பூச்சுகள் ஓரம் காட்டும். மேலே போன தடவை பூசிய எனாமல், அதற்குக் கீழே அதற்கும் முந்தியது, எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்போடு கலந்த மண்வர்ணம். அந்த அடிப் பூச்சு எந்த நிறமோ அந்த நிறத்தைத்தான் கலக்கச் சொல்வார். நகத்தளவுக்கு மேல் ஒரு நூல் அகலம் கூடினாலும் அவருக்குத் தாங்காது.

"நம்ம இஷ்டத்துக்கு இங்க வேலை இல்லடா கலியா. அடியில இருக்கிறதுதான் நிஜம். அதத் திருப்பிச் சொல்லத்தான் நம்மளக் கூப்பிடுறாங்க" என்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

இதில் அவர் எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். திருவாரூர் பக்கம் ஒரு அம்மன் கோயில். உபயம் சிங்கப்பூரில் இருக்கிற குடும்பம். அந்த வீட்டு அம்மாள் தன் பெண்ணின் முகூர்த்தப் புடவையைப் படம் பிடித்துக் கொண்டுவந்து, அம்மனுக்கு அதே வாடாமல்லி நிறம், அதே பார்டர் வைக்க வேண்டும் என்று கேட்டாள். மாஸ்டர் சாரத்திலிருந்து இறங்கிவந்து, கையைக் கழுவி, படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "புடவை நல்லா இருக்கும்மா. பொண்ணு கட்டிக்கட்டும். அம்மனுக்கு அடியில அரக்கு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிவிட்டார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்து கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்து, வேலையே எங்களை விட்டுப் போய்விடும் போலிருந்தது. அவர் அசையவில்லை. அம்மன் இன்றைக்கும் அரக்கில்தான் நிற்கிறாள். அன்று அவரைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது, அது உண்மை.

இப்போது மலருக்கு வேண்டாததற்கு வருகிறேன்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். வாய்க்கால் மதகைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஐயனார் கோயில். கோயிலுக்கு முன்னால் இடது பக்கம், ஆளைப் போல் இரண்டு பங்கு உயரத்தில் வீரன் நிற்கிறார். முறுக்கிய மீசை, தலைப்பாகை. இடது தோளிலிருந்து ஒரு வார் இறங்கி இடுப்புக்கு வருகிறது. வாரில் தொங்குவது பறை. ஒரு கையில் நீளக் குச்சி, மறு கையில் குட்டைக் குச்சி. சாதாரணமாக வீரன் என்றால் அரிவாள்தான் இருக்கும். பறையோடு நிற்கும் வீரனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாங்கள் சாரம் கட்டிய மறுநாளே ஒரு பெரியவர் வந்து, கோயில் முன் எல்லையாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றார். பெயர் சாமிக்கண்ணு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனித் தெரு. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. பறைக்கு மட்டும் தோல் நெறம் வைங்க. போன தடவை வந்தவங்க வெள்ளையா அடிச்சிட்டுப் போயிட்டாங்க. பாக்கிறதுக்குக் கல்யாணத்துக்கு வர்ற பேண்டு செட்டு மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு அவரே கதையைச் சொன்னார். அவருடைய பாட்டனுக்கும் பாட்டன் ஆற்றங்கரையைக் காவல் காத்தவர். ஒரு ஐப்பசி அடைமழையில் கரை கசிய ஆரம்பித்தபோது, கரை மேலேயே நின்று ஊர் எழுந்துகொள்ளும் வரைக்கும் பறை அடித்திருக்கிறார். ஊர் எழுந்து மாடு கன்றுகளோடு மேட்டுக்குப் போய்விட்டது. அவர் நின்ற இடத்தில் உடைப்பு எடுத்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. பறை மட்டும் எங்கோ ஒதுங்கிக் கிடைத்ததாம். ஊரே சேர்ந்து ஐயனாருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் குதிரை எடுப்புத் திருவிழாவில், சாமிக்கண்ணு வீட்டு ஆள் ஒருவர் கோயிலுக்குள்ளே வந்து, வீரன் முன்னால் நின்று பறை அடித்த பிறகுதான் மண் குதிரைகளைத் தோளில் தூக்குவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தத் தெரு கயிற்றுக்கு வெளியேதான். அந்த ஒரு நாள் மட்டும் உள்ளே வரலாம், திருநீறும் முதலில் அவர்களுக்குத்தான்.

"எங்ககிட்டப் பட்டயம் கிட்டயம் ஒண்ணும் கெடையாதுங்க. அவர் இடுப்புல இருக்குதே, அதான் எங்களுக்குப் பட்டயம்" என்றார் சாமிக்கண்ணு.

அன்றைக்கே மாஸ்டர் சாரத்தில் ஏறி, பறையின் பின்பக்க விளிம்பில் சுரண்டினார். பக்கத்தில் நான் மண்ணெண்ணெய்த் துணியோடு நின்றேன். மேலே வெள்ளை. கீழே பழுப்பு. அதற்குக் கீழே இன்னும் அடர்ந்த பழுப்பு. அடியில் சுண்ணாம்புக் காவி. தோல் நிறத்தைத் தவிர எந்தக் காலத்திலும் வேறு நிறம் வைத்தவன் அந்த வெள்ளை அடித்த புண்ணியவான் ஒருத்தன்தான். மாஸ்டர் குனிந்து, கயிற்றுக்கு வெளியே நின்ற பெரியவரிடம், "பழுப்புதான் பெரியவரே, வச்சிடுறேன்" என்று தன் வாயால் சொன்னார். பெரியவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

திருப்பணிக் கமிட்டித் தலைவர் சேதுராமன். அந்த ஊரில் பழைய நிலக்காரக் குடும்பம். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். கெட்டவர் என்று பார்த்தவர் யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வரும். வத்தக்குழம்பு ஆறிப்போனால் திருப்பி அனுப்பிச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்வார். அவர்தான் ஒரு நாள் மாஸ்டரை வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதைப் பொருட்படுத்தவில்லை.

"மாஸ்டர், புது மதில் கட்டிட்டோம், கேட்டு போட்டாச்சு. இனிமே உள்ள யார் வரலாம், எதுவரைக்கும் வரலாம்னு ஒரு ஒழுங்கு வேணும் பாருங்க. அந்தப் பறை இருக்கிற வரைக்கும் அவங்க அதக் காட்டிக் காட்டியே பேசுவாங்க."

மாஸ்டர் வீரன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உடைக்கச் சொல்லலீங்க. சாமியாச்சே, பாவம். வட்டமாத்தானே இருக்கு? வர்ணத்துலயே கேடயம் ஆக்கிடுங்க. வீரனுக்குக் கேடயம்தானே அழகு? அந்தக் குட்டைக் குச்சி ஒரு குறுவாள் ஆயிட்டுப் போகட்டும்."

"அடியில பழுப்பு இருக்குங்க" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டுமே, யார் பாக்கப் போறா? அப்புறம், உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். எங்க மச்சான் திருப்பணி பாக்கிற சிவன் கோயில்ல ராஜகோபுரம் ஆரம்பிக்கிறாங்க. உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன்."

அந்தச் சிங்கப்பூர் அம்மாளுக்குச் சொன்ன மாதிரி ஒரு பதில் சொல்வார் என்று நான் ஈரக் கையோடு காத்திருந்தேன். மாஸ்டர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சாரத்துக்குத் திரும்பிவிட்டார். அன்று முழுவதும் வீரன் பக்கம் போகவில்லை. ஐயனாரின் யானைக்குச் சாம்பல் நிறம் கலந்துகொண்டே இருந்தார்.

இந்த மாதிரி விஷயம் கிராமத்தில் எவ்வளவு நேரம் மறைந்திருக்கும்? காலனித் தெருவுக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த நாள் ஒரு கூட்டமே வந்து, வீரனைத் தொடக்கூடாது என்று சாரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. போலீஸ் வந்தது. இரண்டு தரப்பையும் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். எங்களையும் வரச் சொன்னார்கள்.

தாசில்தார் மேஜைக்கு ஒரு பக்கம் சேதுராமனும் கமிட்டிக்காரர்களும் நாற்காலியில். மறு பக்கம் சாமிக்கண்ணுவும் அவர் தெரு ஆட்களும். அவர்களுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், சாமிக்கண்ணு மட்டும் கடைசி வரைக்கும் உட்காரவில்லை. சேதுராமன் அமைதியாகப் பேசினார். ஆதியில் வீரன் கையில் கேடயம்தான் இருந்தது, போன கும்பாபிஷேகத்தில் வந்த பெயிண்டர்களைக் காலனிக்காரர்கள் சரிக்கட்டி அதைப் பறையாக்கிவிட்டார்கள் என்றார். சாமிக்கண்ணு கரை உடைந்த கதையைச் சொன்னார். பாதியிலேயே தாசில்தார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கதையெல்லாம் வச்சு நான் என்னங்க முடிவு பண்றது? மாஸ்டர், நீங்க ரெண்டு பேருக்கும் பொதுவானவர். பழைய பெயிண்டைச் சுரண்டிப் பார்ப்பீங்களாமே. பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"என்ன இருந்துச்சு?"

மாஸ்டர் மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பித்தளை நெறம் இருந்துச்சுங்க. கேடயம்தான்."

சாமிக்கண்ணு அவரையே பார்த்தார். நான் எழுந்துவிட்டேன்.

"இல்லீங்க சார். நானும் பக்கத்துல இருந்தேன். பழுப்பு, அதுக்கடியில பழுப்பு, அதுக்கும் அடியில காவி. பித்தளையே கெடையாது. இந்தப் பெரியவர்கிட்டப் பழுப்பு வைக்கிறேன்னு மாஸ்டரே சொன்னாரு."

மாஸ்டர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவன் கீழ நின்னான் சார். கலவைக்கு ஆளு" என்றார்.

கலவைக்கு ஆளு! எத்தனை அம்மனுக்கு இந்தக் கை முகம் எழுதியிருக்கிறது! தாசில்தார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நியாயமான மனிதர்தான். "சரி, நாளைக்கு நானே வர்றேன். என் கண்ணெதிர்ல சுரண்டுங்க. பார்த்துடுவோம்" என்று முடித்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்து சாமிக்கண்ணுவிடம், "நாளைக்குத் தெரிஞ்சிடும் பெரியவரே, கவலைப்படாதீங்க" என்று சொன்னேன். வாய்க்கொழுப்பு.

மறுநாள் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். நாங்கள் எல்லோரும் வீரன் முன்னால் போய் நின்றோம். பறை வெள்ளை வெளேரென்று இருந்தது. பழைய எனாமல் வெள்ளை இல்லை, புதுப் பிரைமர். நான் ஏறிப் பிளேடை வைத்தேன். பிரைமர், அதற்குக் கீழே வெறும் சுதை. முன்னால், பின்னால், விளிம்பில், வாரில், குச்சிகளில் எங்கே சுரண்டினாலும் சுதைதான். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, அதற்கு மேல் உப்புத்தாளும் போட்டு, ஒரு பூச்சின் பொட்டுக்கூட மிச்சமில்லாமல் எடுத்திருந்தது. அவ்வளவு சீராகத் தேய்க்க எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கைக்குத்தான் தெரியும். நகத்தளவுக்கு மேல் சுரண்டினால் தாங்காத அதே கை.

"பூச்சு பொரிஞ்சு நின்னுதுங்க. எடுக்காம விட்டா புது வர்ணம் பிடிக்காது" என்றார் மாஸ்டர். வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது.

தாசில்தார் பெருமூச்சு விட்டார். ஆதாரம் எதுவும் இல்லாததாலும், அனுபவமுள்ள மாஸ்டர் சொல்வதாலும் இந்த முறை கேடயமாகவே இருக்கட்டும் என்றார். பறையை மதிலுக்கு வெளியே நின்று அடிப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த வருஷக் குதிரை எடுப்புக்கு வெளியே நின்று அடிக்கவும் யாரும் வரவில்லை. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டுக் குதிரையைத் தூக்கினார்களாம்.

கேடயத்தை மாஸ்டரே பூசினார். என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். நான் வேலையை விட்டுக் கிளம்புகிற அன்று அது முடிந்திருந்தது. பித்தளை விளிம்பு, நடுவில் குமிழ், குமிழில் வெயில் பட்ட மாதிரி ஒரு வெள்ளைத் தெறிப்பு. தடவிப் பார்த்தால் சில்லென்று இருக்கும் என்று தோன்றும். அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. பொய்க்கு அவ்வளவு உழைத்திருந்தார்.

ஊருக்குத் திரும்பும் முன் சாமிக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். நாற்றங்காலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். என்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தேன், என்ன செய்வது என்று ஏதோ உளறினேன். அவர் மடையை மிதித்து அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க எழுந்து நின்னதுக்கு நான் நன்றி சொல்லணுங்க. சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு. எங்க பாட்டன் எங்க பாட்டன்தானான்னு பெயிண்ட் அடிக்கிறவங்ககிட்டக் கேக்குற எடத்துக்கு எங்களக் கொண்டாந்து நிறுத்துனாங்க பாருங்க. அவர் கேடயம்னாரு, நீங்க பறைன்னீங்க. ரெண்டு பேரும் சொல்றவங்க. நாங்க கேட்டுக்கிட்டு நிக்கிறவங்க."

நான் வரப்பில் ஏறி பஸ்ஸுக்கு நடந்தேன்.

அதன் பிறகு எனக்குக் கோயில் வேலை வரவில்லை. மாஸ்டரை எதிர்த்துப் பேசினவன், காலனிக்காரர்களுக்குச் சாட்சி சொன்னவன் என்று பேர் ஆகிவிட்டது. எந்தக் கமிட்டி கூப்பிடும்? பள்ளிக்கூடச் சுவரில் அ, ஆ எழுதினேன். கட்சிக்காரர்களுக்குச் சுவர் விளம்பரம் எழுதினேன். கடைசிப் பல வருஷங்கள் கடை ஷட்டர்தான். முழங்கால் மடங்காமல் போன பிறகு அதையும் விட்டேன். மாஸ்டருக்கு ராஜகோபுரம் கிடைத்தது. அதன் அடியில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. பிறகு கோபுரம் கோபுரமாக வந்தது, சீடர்களும் வந்தார்கள்.

அவரை அதற்கப்புறம் ஒரே ஒரு தரம் பார்த்தேன், கும்பகோணத்தில் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில். பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

"கலியாவா? வேலைக்குப் போறியா? இன்னமும் சுரண்டிப் பாத்துட்டுதானே வைக்கிற?"

"இல்லீங்க மாஸ்டர். இப்ப ஷட்டர் அடிக்கிறேன். அடியில துருதான் இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நர்ஸ் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். வேட்டியில் காபிக் கறை இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கப்படவில்லை.

கேடயம் பூசிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த ஐயனார் கோயிலுக்கு மறுபடி திருப்பணி வந்தது. சாமிக்கண்ணு போய்ச் சேர்ந்துவிட்டார், சேதுராமனும் இல்லை. சாமிக்கண்ணுவின் மகன் முருகேசன் என்னை எப்படியோ விசாரித்துப் பிடித்துப் போன் செய்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். புதுக் கமிட்டியில் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், நல்ல மாதிரி என்றான். "பழைய சண்டையெல்லாம் நமக்கு வேண்டாங்கிறாங்க ஐயா. அடியில எது இருக்கோ அதையே வச்சிடலாம், பறைன்னா பறை, நீங்க உள்ள வந்தே அடிங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பா உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு. வந்து பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றான். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

போனேன். வர்ணக்காரப் பையன் மாஸ்டரிடம் கடைசியில் கற்றவன். மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு, பாதி பிளேடு செருகிய மூங்கில் குச்சியை எடுத்தான். கமிட்டிப் பையன்கள் சுற்றி நின்றார்கள். யார் முகத்திலும் கள்ளம் இல்லை. கேடயத்தின் பின்பக்க விளிம்பில், சரியாக நகத்தளவுக்குச் சுரண்டி, ஒற்றித் துடைத்தான்.

"பித்தளைங்க."

"இன்னும் அடியில போ தம்பி" என்றேன்.

"பிரைமர். அதுக்குக் கீழ சுதைங்க ஐயா. அவ்வளவுதான். இது அசல் கேடயம்தான்."

"மத்த சிலையெல்லாம் பாரு, நாலஞ்சு பூச்சு இருக்கும். இதுல மட்டும் ஏன் ஒண்ணு? வழிச்சு எடுத்திருக்கு தம்பி. தோள்ல வார் எதுக்கு, கேடயத்துக்கு வார் உண்டா? குறுவாள் நுனி இப்படி மழுங்கியா இருக்கும்? நான் பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன்." சத்தம் போட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "நீங்க சொல்லலாங்க ஐயா. ஆனா மாஸ்டர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, யார் என்ன சொன்னாலும் அடியில என்ன இருக்கோ அதத்தான் வைக்கணும்னு. அவர் பூசினதுக்கு மேலயே நான் எப்படிங்க மாத்துறது?"

கமிட்டிப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் முருகேசனிடம், "சாரிண்ணே. நாங்க என்ன செய்யிறது? பாத்தாச்சுல்ல" என்றான். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னான்.

முருகேசன் சாரத்தில் ஏறினான். தடுக்க யாரும் இல்லை. அந்த நகத்தளவு இடத்தில் விரலை வைத்து, மஞ்சளாய் மின்னிய ஓரத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். பிறகு இறங்கிவந்து என் முழங்கையைப் பிடித்து, கேட்டைத் தாண்டி வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

"விடுங்க ஐயா, கத்தாதீங்க, மூச்சு வாங்குது" என்றான். வாய்க்கால் வரைக்கும் பிடியை விடாமல் நடந்தான். மதகு கிட்ட நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"எங்கப்பா சாவுற வரைக்கும் பறைன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. அவர் யாரு சொல்லித்தான் அப்படி நம்புனாரு? நீங்க சொல்லியா?"